எண்ணெய்க்கு முன் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணி. எங்கள் வீட்டுக் குளியல் தொட்டியில் மூன்று கம்பிகளும் ஒரு வட்டத் தகடும் வெந்நீரில் கிடந்தன. எட்டிப் பார்த்த மனைவி, "பாத்திரம் தேய்க்கச் சொன்னா மட்டும் உங்களுக்கு முதுகு வலி வந்துடும்" என்றாள். என்னிடம் பதில் இல்லை. பாத்திரத்தை விட இதை நான் கவனமாகத் தேய்க்கிறேன் என்பது உண்மைதான்.

நாங்கள் ஹூஸ்டன் பக்கம் இருக்கிறோம். மாதம் ஒருமுறை நானும் மகளும் மேற்கே ஒரு மேய்ச்சல் நிலத்துக்குப் போவோம். அங்கே ஒரு கிளப், பொழுதுபோக்குக்காகச் சின்ன 'மாதிரி ராக்கெட்டு'களை விடுகிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அட்டைக் குழாய் உடம்பு, பால்சா மரத்தில் வெட்டிய துடுப்பு, பிளாஸ்டிக் மூக்கு, உள்ளே கடையில் வாங்கிய மோட்டார், மேலே போனதும் விரிகிற சின்ன பாராசூட். மோட்டாரின் பலத்தை எழுத்தால் சொல்வார்கள். ஏ, பி, சி என்று ஒவ்வொரு எழுத்துக்கும் பலத்தின் உச்சவரம்பு இரட்டிப்பாகும். குழந்தைகள் கையில் பெரும்பாலும் பி-யும் சி-யும்.

ராக்கெட்டைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். எதன்மேல் நிறுத்தி விடுகிறோமோ அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முக்காலி ஒன்று, அதில் செங்குத்தாக ஒரு மீட்டர் நீளக் கம்பி. சிறிய ராக்கெட்டுக்கு 3 மில்லிமீட்டர் தடிமன், கொஞ்சம் பெரியதற்கு 5, அதற்கும் மேல் 6. கம்பியின் அடியில் ஒரு இரும்புத் தகடு, நெருப்பு தரையில் படாமல் தாங்குவதற்கு. ராக்கெட்டின் விலாவில் உறிஞ்சுகுழல் மாதிரி ஒரு துண்டு ஒட்டியிருக்கும். அதைக் கம்பியில் கோத்துவிட்டால், ராக்கெட் வேகம் பிடிக்கும்வரை கம்பி வழிகாட்டும். வேகம் பிடித்த பிறகுதான் துடுப்புகளுக்கு வேலை. அந்த முதல் ஒரு மீட்டருக்கு ராக்கெட் நேராகப் போவது முழுக்கக் கம்பியின் தயவில்.

இது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆயிற்று. புரியவைத்தது ஒரு விபத்து என்று சொல்லலாம், யாருக்கும் அடிபடவில்லை என்பதால் வேண்டாம்.

முதல் வருடம் சொந்தமாக ஒரு முக்காலியும் கம்பியும் வாங்கினேன். ஒவ்வொரு முறை விட்டு முடித்ததும், பொறுப்பான ஆள் மாதிரி, கம்பி முழுக்க எண்ணெய் ஸ்ப்ரே அடித்துத் துணியால் துடைத்து கராஜில் சாத்திவிடுவேன். மழைக்காலம் வந்து இரண்டு மாதம் போகவில்லை. மூன்றாம் மாதம் எடுத்தால் கம்பியின் கீழ்ப்பகுதி ஒரு சாண் உயரத்துக்குப் பழுப்பு. எண்ணெய் போட்ட கம்பிதான், எண்ணெயின் பிசுக்குக் கையில் ஒட்டுகிறது, அதற்கு அடியில் துரு. மைதானத்தில் வைத்தே உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துத் திருகித் திருகித் தேய்த்தேன். பளபளவென்று ஆகிவிட்டது, கிளம்பலாம் என்று மகளின் ராக்கெட்டைக் கோத்தோம்.

பொத்தானை அழுத்தினாள். புகை வந்தது. ராக்கெட் அரைக் கண்ணிமைப்பு நேரம் கம்பியில் கடித்துக்கொண்டு நின்றது. பிறகு அலுத்துக்கொண்டே கிளம்புகிற மாதிரி மெதுவாகக் கம்பியை விட்டு வெளியே வந்து, காற்று வந்த பக்கமாகச் சாய்ந்து, மாடுகள் நின்ற வேலியைத் தாண்டிப் படுக்கை வாட்டில் போயிற்று. மாடுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகள் என்னைப் பார்த்தாள்.

அன்று ஏவுதளப் பொறுப்பில் இருந்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் குழாய் பொருத்துகிற வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் வந்து கம்பியின்மேல் கட்டைவிரல் நகத்தைக் கீழிருந்து மேலாக ஓட்டினார். நகம் கிரிக் கிரிக் என்று தடுக்கியது. போன முறை விட்டதும் என்ன செய்தாய் என்று கேட்டார். எண்ணெய் போட்டேன் என்றேன். எண்ணெய்க்கு முன்னால் என்றார். முன்னால் ஒன்றும் செய்யவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் கிண்டல் இல்லை, நாற்பது வருடமாக ஆலையில் இதே தப்பைப் பார்த்துச் சலித்த சிரிப்பு அது.

அவருக்கு இன்னொரு பொழுதுபோக்கு உண்டு. குழலின் வாய்வழியாகக் கரிமருந்து கிட்டிக்கிற பழைய காலத் துப்பாக்கியில் மான் வேட்டை. அந்தத் துப்பாக்கியில் போடுவதும் எங்கள் சின்ன மோட்டாரில் இருப்பதும் ஏறத்தாழ ஒரே மருந்துதான். வெடியுப்பு, கரி, கந்தகம். பழைய கணக்குப்படி நூற்றுக்கு 75, 15, 10. சுட்டு முடித்ததும் குழலில் முதலில் வெந்நீர் ஊற்றிக் கழுவு, காய வை, எண்ணெய் அப்புறம் என்பது அந்தத் துப்பாக்கிக்காரர்களின் பாலபாடம். நூற்றாண்டுகளாகச் சிப்பாய்கள் செய்துவந்தது. எண்ணெயை முதலில் போடுகிறவன் துருவுக்குப் போர்வை போர்த்துகிறான் என்ற பொருளில் அவர் ஏதோ சொன்னார்.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். கரிமருந்து எரிந்தால் எல்லாம் புகையாகிப் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகத்தான் மிஞ்சுகிறது. நாம் பார்க்கிற வெள்ளைப் புகையே பொடி உப்புதான்: பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், கொஞ்சம் பொட்டாசியம் சல்பைடு. சி மோட்டார் ஒன்றில் பத்து கிராமுக்குக் கொஞ்சம் மேலே மருந்து. அதன் உப்பில் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது. மிச்சம் தகட்டிலும் கம்பியின் அடிப்பகுதியிலும் சாம்பல் நிறத்தில் படிகிறது.

இதில் பொட்டாசியம் கார்பனேட்டுக்கு ஒரு குணம். காற்றின் ஈரப்பதம் 43 விழுக்காட்டைத் தாண்டினாலே போதும், அது காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரைந்து பிசுபிசுத்துப் போகும். ஹூஸ்டனில் 43 விழுக்காடு என்பது எங்களுக்கு வறட்சி. கோடைக் காலைகளில் 90 சாதாரணம். ஆக, மைதானத்தில் உலர்ந்த பொடியாக இருந்தது கராஜுக்கு வந்ததும் ராத்திரியோடு ராத்திரியாக உப்புத்தண்ணீர்ப் படலமாகிவிடுகிறது. இரும்பு, ஈரம், உப்பு, காற்று. துருவுக்கு வேறென்ன வேண்டும்? நான் போட்ட எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எட்டாம் வகுப்பு அறிவியல். எண்ணெய் அதன்மேல் பரவி மூடியது, அவ்வளவுதான். உப்பு அடியில் சௌக்கியமாக இருந்தது.

பொட்டாசியம் கார்பனேட் என்று படித்துக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். விறகுச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்தால் கிடைப்பதும் அதேதான். எங்கள் ஆச்சி கிணற்றடியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்த சாம்பல். பித்தளைக்குப் புளி, மற்றதற்குச் சாம்பல். தேய்த்து முடித்துவிட்டு, "சாம்பல் போட்டா மூணு தண்ணி அலசணும்டா, இல்லேன்னா சாமான் பூத்துப்போகும்" என்பாள். பூத்துப்போவது என்றால் வெள்ளையாகப் படர்வது. காய்ந்த தகட்டின்மேல் நான் பார்த்த அதே வெள்ளை. டெக்ஸாஸ் பெரியவரும் ஆச்சியும் ஒரே உப்பைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். இப்போது நான் கம்பியை மூன்று தண்ணீர் அலசுவது யாருடைய கணக்கில் என்று எனக்கே தெரியவில்லை.

இனி நான் செய்வதைச் சொல்கிறேன்.

மைதானத்திலேயே பாதி வேலை. ஒரு பழைய துண்டை நனைத்துப் பிழிந்து பிளாஸ்டிக் பையில் கொண்டுபோகிறேன். நான்கைந்து ராக்கெட் விட்டதும் கம்பியை அடியிலிருந்து நுனிவரை ஒரு இழுப்பு, பிறகு உலர்ந்த துணியால் ஒரு இழுப்பு. அதற்குமுன், மோட்டாரை மின்சாரத்தால் பற்றவைக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டியின் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இது விளையாட்டுப் பேச்சு இல்லை. பற்றாத மோட்டாரென்றால் சாவியை உருவிவிட்டு 60 நொடி காத்திருந்துதான் கிட்டே போக வேண்டும் என்று அமெரிக்க மாதிரி ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதியே இருக்கிறது. குனிகிறபோது கம்பியின் நுனி கண்ணில் குத்தாமல் இருக்க அதற்கு ஒரு மூடியும் அதே விதியில் உண்டு. என் கம்பியில் மூடியாக இருப்பது மகளின் பழைய டென்னிஸ் பந்து.

வீட்டில் வெந்நீர். கை பொறுக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு. சூடான தண்ணீரில் உப்பு சீக்கிரம் கரைகிறது என்பது ஒன்று, வெளியே எடுத்ததும் கம்பி தன் சூட்டிலேயே காய்ந்துவிடுகிறது என்பது இன்னொன்று. தகட்டை நனைத்ததும் லேசாக அழுகிய முட்டை வாடை வரும். பயப்பட வேண்டாம், சல்பைடு கரைகிற வாடை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், வீட்டில் மற்றவர்களுக்காகவாவது. வாடை அடங்கும்வரை தண்ணீர் மாற்றுவேன். அதுதான் என் அளவுகோல்.

தேய்க்கும் திசை முக்கியம். நான் செய்த இரண்டாவது தப்பு அதுதான். உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துத் திருகினால் கம்பிக்குக் குறுக்கே ஆயிரம் நுண்ணிய வளையக் கீறல் விழுகிறது. ராக்கெட்டின் குழல் மேலே போகும்போது ஒவ்வொன்றிலும் உரசுகிறது. பெரியவரின் நகம் தடுக்கியது பாதி துருவில், பாதி என் கீறலில். எப்போதும் நீளவாக்கில், ஒரே இழுப்பாக. பச்சை நிறப் பாத்திர நார் போதும். எவர்சில்வர் கம்பியாக இருந்தால் இரும்பு நார் பக்கமே போகக்கூடாது. அதன் துகள் எவர்சில்வரில் ஒட்டிக்கொண்டு, தான் துருப்பிடித்து, கம்பியே துருப்பிடித்த மாதிரி காட்டும். இரும்பு நாரை மின்கலப் பெட்டிக்கு அருகிலும் வைக்கக்கூடாது. ஒரு சின்ன 9 வோல்ட் பேட்டரியின் இரு முனையிலும் மெல்லிய இரும்பு நார் பட்டால் அது தீப்பிடித்துக்கொள்ளும். இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தது நான் இல்லை, ஆனால் எங்கள் மைதானத்தில் நேரில் பார்த்திருக்கிறேன்.

காய்ந்த பிறகு இரண்டு சோதனை. சமையல் மேடையின் கல்மேல் கம்பியை உருட்டுவேன். வளைந்திருந்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்து தெரிந்து மறையும். வளைந்த கம்பியை நிமிர்த்த முயன்று நேரத்தை வீணாக்கியிருக்கிறேன், புதிதாக வாங்குவதே மேல். இரண்டு துண்டாகக் கழற்றி மாட்டுகிற கம்பியென்றால் இணைப்பில் நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். அங்கே ஒரு மயிரிழை படி இருந்தாலும் குழல் அதில்தான் மாட்டும். மெல்லிய அரத்தால் தட்டையாக்கிவிடலாம். இதெல்லாம் முடிந்தபின், கடைசியில், இரண்டே சொட்டு எண்ணெய். அடுத்த முறை மைதானத்தில் அதையும் துடைத்துவிட்டுத்தான் ராக்கெட்டைக் கோக்கிறேன்.

தகட்டின் கதை வேறு. அதன் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சாம்பல் நிறப் பொருக்கு கட்டும். ஊறவைத்து, மரக் கரண்டியின் முனையால் பெயர்த்தால் வந்துவிடும். உலர்ந்த நிலையில் கம்பி பிரஷ் போட்டால் பொடி கண்ணுக்கு வரும். பெயிண்ட் அடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அடுப்புக்கு அடிக்கிற சூடு தாங்கும் பெயிண்ட் அடித்துப் பார்த்தேன். நான்கு மோட்டாரில் நடுவில் கொப்புளித்தது. கொப்புளத்துக்கு உள்ளே உப்பு போய் உட்கார்ந்துகொண்டது. எண்ணெய் விஷயத்தில் நடந்ததேதான், இந்த முறை காசு கொடுத்து. பிறகு மனைவி ஒரு யோசனை சொன்னாள்: தோசைக்கல் பழக்குகிற மாதிரி பழக்கிப் பார்த்தால் என்ன? நல்லெண்ணெய் தடவி வெளி அடுப்பில் புகைய விட்டு, ஆறவிட்டு, மறுபடி தடவி, மூன்று முறை. தகடு தோசைக்கல் கறுப்புக்கு வந்தது. நடுவில் நெருப்பு நேராக அடிக்கிற இடத்தில் முதல் மோட்டாரிலேயே போய்விட்டது, எதிர்பார்த்ததுதான். ஆனால் ஓரங்களில் அப்படியே இருக்கிறது. ஓரங்களில் துரு இல்லை, கழுவுவதும் சுலபம். நடுவுக்கு என்னிடம் மருந்து இல்லை. அது தேயத்தான் செய்யும், தேய்வதற்குத்தானே தகடு.

பெரிய ராக்கெட்டுகளின் பக்கம் நான் இந்த வருடம்தான் போனேன். அங்கே கம்பி இல்லை, அலுமினிய ரெயில். ஒரு அங்குலச் சதுரம், நான்கு பக்கமும் நீளப் பள்ளம், 1010 என்பார்கள். இன்னும் பெரியதற்கு ஒன்றரை அங்குலம், 1515. ராக்கெட்டின் விலாவிலுள்ள பிளாஸ்டிக் பட்டன்கள் அந்தப் பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு போகும். மருந்தும் வேறு: அம்மோனியம் பெர்குளோரேட்டை ரப்பரோடு குழைத்தது, பலவற்றில் அலுமினியப் பொடியும் சேர்ந்தது. இது எரிந்தால் வருகிற முக்கியமான வாயுக்களில் ஒன்று ஹைட்ரஜன் குளோரைடு. ஈரம் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஊரில் கழிவறைக்கு ஊற்றுகிற அதே ஆசிட். கரிமருந்தின் படிவு காரம், இது அமிலம்.

இது பெரிய இடத்துத் தலைவலியும்கூட. விண்வெளி ஓடத்தின் இரண்டு திட எரிபொருள் ராக்கெட்டுகளின் மருந்திலும் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்தப் பெர்குளோரேட்தான் இருந்தது. புளோரிடாவில் கென்னடி விண்வெளி மையத்தின் ஏவுதளங்கள் கடற்கரையில் இருப்பதால் உப்புக்காற்று ஏற்கனவே தின்றுகொண்டிருந்தது. 1981 முதல் 2011 வரை ஓடத்தின் ஒவ்வொரு பயணத்திலும் அமிலப் புகையும் சேர்ந்தது. நாசா 1966 முதலே அங்கே கடலோரத்தில் சட்டங்களில் உலோகத் துண்டுகளை மாட்டி வைத்து எது எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்த்துவருகிறது. ஓடம் வந்தபின் அந்தத் துண்டுகள் சிலவற்றின்மேல் அமிலமும் அலுமினா பொடியும் கலந்த குழம்பைத் தெளித்துச் சோதித்தார்கள். சாதாரண எவர்சில்வர்க் குழாய்களில் குழி விழுந்தது. உப்புப் போட்ட சாமானை எவர்சில்வர்ப் பாத்திரத்தில் நாட்கணக்கில் வைத்துவிட்டு அடியில் ஊசிப் பொட்டுகளைப் பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது. குளோரைடு செய்கிற வேலை அது. அத்தனை பெரிய ஏவுதளத்தையும் விட்டு முடித்ததும் தண்ணீரால் கழுவினார்கள் என்று தெரிந்தபோது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ரெயிலுக்கு நான் செய்வது: ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் நான்கு பள்ளத்திலும் ஓட்டம், பிறகு மூன்று தண்ணீர். வினிகர் கரிமருந்துப் படிவுக்கு ஆகும், இதற்கு ஆகாது. ஆப்பசோடாவையும் வினிகரையும் கலந்து ஊற்றி நுரை பொங்குவதைப் படம் பிடித்துப் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்கவில்லை; ஒன்றையொன்று தின்று தீர்ந்தபின் மிச்சம் உப்புத்தண்ணீர்தான். அடுப்புக்கறை போக்குகிற கடுமையான காரத் திரவங்களும் அலுமினியத்துக்கு எமன். டிஷ்வாஷரில் போட்ட அலுமினியப் பாத்திரம் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்களே. ரெயிலில் எண்ணெயும் கூடாது. எங்கள் மைதானத்துப் புழுதியும் எண்ணெயும் சேர்ந்தால் பள்ளத்தில் அரைத்து வைத்த சட்னி மாதிரி நிற்கும். மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றைப் பள்ளத்தில் இழுத்துவிட்டால் போதும். ரெயிலைத் தாங்குகிற எவர்சில்வர் போல்ட்டுகளைக் கழற்றி மாட்டும்போது மட்டும் மரையில் பிடிக்காமலிருக்கப் போடுகிற பசையைத் தடவுகிறேன். அலுமினியமும் எவர்சில்வரும் ஈரத்தில் ஒன்றாக இருந்தால் அலுமினியம்தான் தேயும், பிறகு போல்ட் கழலாது.

கிளிப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பற்றவைக்கும் கம்பியைக் கவ்வுகிற முதலைவாய்க் கிளிப்புகள், ஒவ்வொரு முறையும் நெருப்பிலேயே இருப்பவை. செம்பு கந்தகத்தில் கறுக்கும். பற்றவைக்கும் கம்பியின் தடை ஒரு ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளிப்பின் கறுப்பு இன்னொரு ஓம் சேர்த்தால் மின்னோட்டம் பாதியாகும், பற்றவைக்கும் கம்பியில் உண்டாகிற சூடு கால்வாசியாகும். பற்றாத ராக்கெட்டுக்கு மோட்டாரைத் திட்டுகிறவர்கள் முதலில் கிளிப்பின் பல்லைப் பார்க்க வேண்டும். நகம் தேய்க்கிற அட்டை அரத்தால் இரண்டு இழுப்பு. புளியும் போட்டுப் பார்த்தேன், ஆச்சியின் பித்தளை மாதிரி மின்னியது. ஆனால் அலசாமல் விட்ட ஒரு கிளிப்பின் ஸ்பிரிங் ஒரு மாதத்தில் பச்சை பூத்து இறுகிவிட்டது. மூணு தண்ணி.

இப்போது கம்பிகளைக் கராஜில் சாத்துவதில்லை. இரண்டு முனையிலும் மூடியுள்ள பிளாஸ்டிக் குழாயில், ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா பொட்டலம் நான்கைப் போட்டு, வீட்டுக்குள் அலமாரிக்குப் பின்னால். புடவைக்கு அருகில் என்பதால் அனுமதி வாங்க இரண்டு வாரம் ஆயிற்று. போன வாரம் எடுத்துப் பார்த்தேன், பெரியவரின் நகம் தடுக்காது.

முதல் வருடத்துக் கம்பியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. பின்பக்கத் தோட்டத்தில் அவரைக்கொடிக்கு நட்டுவிட்டேன். கொடி ஏறிவிட்டது. மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, அது மேல போறதுக்குத் துரு ஒண்ணும் தடுக்கலயே" என்றாள். கொடி பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பு வேண்டும் என்று விளக்கத் தொடங்கினேன். அவள் அதற்குள் உள்ளே போய்விட்டாள்.